கையில் ஐ.டி. வேலை, மனசில் ஃபுட்பால் கோச்சிங்

கேள்வி: டாலஸ் புறநகரில் இருபது வருடங்களாக இருக்கிறோம். மகனுக்கு 22 வயது, இங்கேயே பிறந்தவன். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல் படித்து வரும் மே மாதம் முடிக்கிறான். ஹைஸ்கூலில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினான், எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸில் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர். கல்லூரியில் ஆடவில்லை. ஆனால் மூன்று வருடமாகப் பல்கலைக்கழக அணியின் டிஃபென்ஸ் பிரிவில் மாணவ உதவியாளராக வீடியோ வேலை பார்த்தான். நல்ல மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேறு மாநிலத்தில் கல்லூரி ஃபுட்பாலின் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ். பிரிவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் டிஃபென்ஸுக்கு கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாகப் போகிறேன் என்கிறான். அவர்கள் தரும் பணத்தைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. இது ஒரு வேலையா? இதில் எதிர்காலம் உண்டா? காலேஜில் ஆடாதவனை யார் கோச்சாக மதிப்பார்கள்? நம் ஆட்கள் யாராவது இதில் இருக்கிறார்களா? ஐ.டி. வேலையில் சேர்ந்துகொண்டு சனி, ஞாயிறு ஏதாவது ஹைஸ்கூலில் கோச்சிங் செய்யேன் என்றால் கேட்க மாட்டேன் என்கிறான். அவன் அம்மா அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.
— பெயர் வெளியிட விரும்பாத அப்பா

பதில்:

கடைசியாகக் கேட்டதற்குப் பதில் சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். சனி, ஞாயிறு கோச்சிங் டெக்சஸ் ஹைஸ்கூலில் நடக்காது. அங்கே அரசுப் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, கோச் என்பவர் அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. ஐ.டி. கம்பெனியில் இருப்பவருக்கு இல்லை. காலையில் கணக்குப் பாடம், மதியத்துக்கு மேல் மைதானம், வெள்ளி இரவு மேட்ச், சனி காலை வீடியோ என்று போகும் அங்கே கோச்சுகளின் வாரம். உங்கள் மகன் இதெல்லாம் தெரிந்துதான் மறுத்திருப்பார். அடம் பிடிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் கோச் இல்லை. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் விதிமுறைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். கோச்சுகளின் ஒப்பந்தம், கிராஜுவேட் அசிஸ்டென்ட்டுகளின் சேர்க்கைத் தாள், யார் எந்த ஊருக்கு ஆள் எடுக்கப் போனார் என்ற கணக்கு எல்லாம் என் மேசைக்கு வந்து போகும். மைதானத்தில் நிற்கும் கோச்சை விடக் காகிதத்தில் இருக்கும் கோச்சைத்தான் எனக்கு அதிகம் தெரியும். உங்கள் கேள்விகளுக்கு அந்தக் காகிதம்தான் உதவும் என்று நினைக்கிறேன்.

வேலையா என்றால், வேலைதான், அதுவும் சாதாரண வேலை இல்லை. உங்கள் மகன் போகப்போகும் பதவியை எல்லோரும் ஜி.ஏ. என்றுதான் சொல்வார்கள். முதுகலைப் படிப்பில் சேர்ந்தாக வேண்டும். கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும். கைக்கு ஒரு சிறு உதவித்தொகை வரும், பகிர்ந்துகொண்ட வீட்டு வாடகைக்கும் பெட்ரோலுக்கும் சரியாக இருக்கும். வழக்கமாக இரண்டு வருடம். காகிதத்தில் இது பகுதிநேரம். ஆட்ட வீரர்களைக் கட்டாயப் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இருக்கிறது. கோச்சுகளுக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோவுக்கு மார்க் போட வேண்டும். ஒவ்வொரு வீரரும் ஒவ்வொரு பிளேயிலும் (பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும் வரை ஒரு பிளே) செய்ய வேண்டியதைச் செய்தாரா இல்லையா என்று. அது முடிவதற்குள் அடுத்த எதிரணி வந்துவிடும். அவர்களுடைய கடைசி நான்கு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பிளேக்கும் விவரம் பதிய வேண்டும்: எத்தனையாவது டவுன் (பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சி உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), எத்தனை கஜம் பாக்கி, பந்து இடப்பக்க ஹேஷ் மார்க் கோட்டிலா வலப்பக்கத்திலா, ரன்னிங் பேக் எத்தனை, டைட் எண்ட் எத்தனை, என்ன ஃபார்மேஷன், ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன், யாராவது இடம் மாறினார்களா, அப்புறம் என்ன ஆடினார்கள், எவ்வளவு கிடைத்தது. ஒரு ஆட்டத்துக்கு எழுபது பிளே என்று வைத்தாலும் முன்னூறுக்குப் பக்கத்தில் வந்துவிடும். திங்கட்கிழமை காலை மீட்டிங்கில், டிஃபென்ஸ் முழுவதையும் நடத்தும் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர், "மூன்றாவது டவுன், ஆறு கஜம், வலது ஹேஷ், ஒரே பக்கம் மூன்று ரிசீவர். காட்டு" என்பார். அந்த நிமிடமே திரையில் ஓட வேண்டும். அங்கே ஒரு பதிவு தப்பியிருந்தால், சனிக்கிழமை நடு மைதானத்தில், கடைசி வரிசையில் காவல் நிற்கும் ஒரு ஸேஃப்டி தப்பான இடத்தில் நிற்பார்.

இன்னொரு வேலை அட்டை வரைவது. எதிரணி ஆடும் பிளேக்களை வட்டமும் கோடுமாகத் தடித்த மார்க்கரில் பெரிய அட்டைகளில் வரைந்து எண் போட்டு அடுக்கி வைக்க வேண்டும். செவ்வாய், புதன் பயிற்சியில் ஸ்கௌட் டீம் பையன்கள், அதாவது சனிக்கிழமை ஆட வாய்ப்பு அதிகம் கிடைக்காதவர்கள், கூடி நிற்பார்கள். ஜி.ஏ. அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பார். பத்து விநாடி பார்த்துவிட்டு அவர்கள் அந்த வாரத்து எதிரணியாக மாறி ஆட வேண்டும். கோடு தெளிவாக இல்லையென்றால், பாஸைப் பிடிக்க ஓட வேண்டிய ரிசீவர் வேறு பக்கம் ஓடிவிடுவார். மறுமுனையிலிருந்து கோஆர்டினேட்டர் போடும் சத்தம் அந்த ரிசீவருக்கு இருக்காது. மழை நாளில் அட்டைகளை பிளாஸ்டிக் உறையில் போட மறந்த ஜி.ஏ.வின் நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நடுவில் ஆள் எடுக்க வரவழைத்த பையனின் குடும்பத்தை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருவது, ராத்திரி மீட்டிங்குக்குச் சாப்பாடு சொல்வது, அப்புறம் தன் சொந்த ஹோம்வொர்க்.

பந்தை வைத்து ஆடும் அஃபென்ஸ் பக்கம் என்ன ஆடுவது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். டிஃபென்ஸ் பக்கம் அதைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதனால் டிஃபென்ஸ் அசிஸ்டென்ட்டின் தொழில் முக்கால்வாசி, ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஸ்னாப்புக்கு முந்தைய சில விநாடிகளில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கவே கூடாது என்று கற்றுக் கொடுப்பதுதான். 2024 முதல் மேல்மட்டமான எஃப்.பி.எஸ். பிரிவில் மைதானத்தில் இருக்கும் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் கோச் பேசலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். பிளே கடிகாரத்தில் 15 விநாடி பாக்கி இருக்கும்போது அந்தத் தொடர்பு அறுந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கற்றுக் கொடுத்ததன் பலன். உங்கள் மகன் லைன்பேக்கர் ஆடியவர், புள்ளியியல் படித்தவர், மூன்று வருடம் வீடியோ அறையில் இருந்தவர். என்னைக் கேட்டால் ஒரு ஜி.ஏ.வுக்கு இதைவிடப் பொருத்தமான முன்வேலை இல்லை.

இனி எதிர்காலம். நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சம்பளம் இல்லை. ஒரு அசிஸ்டென்ட் கோச் அடுத்த வருடம் எந்த ஊரில் இருப்பார் என்பது பெரும்பாலும் அவர் கையில் இருக்காது. அமைச்சர் மாறினால் பி.ஏ. மாறுகிற மாதிரி, ஹெட் கோச் போனால் அவர் கொண்டுவந்த ஆட்களும் கிளம்ப வேண்டும். உங்கள் டிஃபென்ஸ் பிரமாதமாக ஆடியிருக்கலாம். அந்தப் பக்கம் அஃபென்ஸ் பாயின்ட் எடுக்காமல் ஹெட் கோச்சின் வேலை போனால் உங்களுடையதும் சேர்ந்து போகும்.

இது கீழ்மட்டத்து நிலைமை மட்டும் இல்லை. ஜிம் நோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 சீசனில் ஒஹாயோ ஸ்டேட் தேசியப் பட்டம் வென்றபோது டிஃபென்ஸை நடத்தியவர். பட்டம் வென்ற கையோடு பென் ஸ்டேட் அவரை ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் டாலருக்கு அழைத்துக்கொண்டது. அப்போது அசிஸ்டென்ட் ஒருவருக்கு அது உச்சச் சம்பளம். 2025 அக்டோபரில் பென் ஸ்டேட் தன் ஹெட் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. நோல்ஸ் மறுபடி பெட்டி கட்டினார். அவருக்கு ஒப்பந்தம் இருந்தது, பணக்கவலை இருந்திருக்காது. ஆனால் சின்னப் பல்கலைக்கழகத்தில் லைன்பேக்கர் கோச்சாக இருப்பவரிடம் பல சமயம் ஒரு வருட ஒப்பந்தம்தான் இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லாமல் வெறும் நியமனக் கடிதம். நீண்ட ஒப்பந்தம் இருந்தாலும், வேறு வேலை தேட முயற்சி எடுக்க வேண்டும், கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொண்டுதான் மிச்சம் தருவோம் என்று ஒரு ஷரத்து இருக்கும். கையெழுத்துப் போடும் நாளில் அதை யாரும் படிப்பதில்லை.

வேலை போகும் நாள் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் மகனுக்கு ஒரு தடவையாவது வரும். பெரும்பாலும் நவம்பர் கடைசி ஞாயிறு. காலையில் ஹெட் கோச்சை நீக்கிய செய்தி, மதியம் அசிஸ்டென்ட்டுகளுக்கு ஒரு கூட்டம். மனிதவளத் துறைக்காரர் ஆளுக்கொரு உறை கொடுப்பார். மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை, துறை கொடுத்த காரை எப்போது ஒப்படைக்க வேண்டும், அறையை எப்போது காலி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். அவர்கள் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, செல்போன் எண்ணை நானே வைத்துக்கொள்ளலாமா என்றுதான். அந்த எண்ணில்தான் தெரிந்த கோச்சுகள் எல்லோரும் இருக்கிறார்கள், ஆள் எடுக்கப் பேசிக்கொண்டிருந்த பையன்களின் அம்மாக்கள் இருக்கிறார்கள், அடுத்த வேலைக்கான அழைப்பும் அதில்தான் வரும். அன்று சாயங்காலமே சிலர் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

ஒரே ஊரில் வேர் விட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஃபில் பார்க்கர் 1999-ல் அயோவாவுக்கு வந்தார், 2012-ல் கோஆர்டினேட்டர் ஆனார், 2023-ல் நாட்டின் சிறந்த அசிஸ்டென்ட்டுக்கான பிராய்ல்ஸ் விருது வாங்கினார். ஆனால் அவரோடு அதே 1999-ல் அங்கே ஹெட் கோச்சாக வந்த கெர்க் ஃபெரென்ட்ஸும் நகரவே இல்லை, அதைக் கவனியுங்கள். பட் ஃபாஸ்டர் இன்னும் அபூர்வம். 1987-ல் ஃபிராங்க் பீமரோடு வர்ஜீனியா டெக் போனவர், பீமர் ஓய்வு பெற்ற பிறகு வந்த புது ஹெட் கோச்சும் அவரை வைத்துக்கொண்டார், 2019 சீசன் முடித்துத்தான் ஓய்வு பெற்றார். ஹெட் கோச் ஆகவே இல்லை. அவர் பெயரை எந்த டிஃபென்ஸ் கோச்சிடமும் சொல்லிப் பாருங்கள், குரலே மாறும். இந்த இருவரையும் வைத்து உங்கள் மகனின் வாழ்க்கையைக் கணக்குப் போடாதீர்கள்.

ஆக, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு பெரிய ஸ்டேடியம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறார் என்பதுதான் கேள்வி. எஃப்.சி.எஸ். என்றதும் நீங்கள் முகம் சுளித்தது கடிதத்திலேயே தெரிகிறது. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2021 சீசன் வரை எஃப்.சி.எஸ்.தான். அங்கே கர்ட் சிக்னெட்டியிடம் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டராக இருந்த பிரையன்ட் ஹெய்ன்ஸ், 2023 கடைசியில் சிக்னெட்டி இண்டியானாவுக்குப் போனபோது கூடவே போனார். ஃபுட்பாலில் தோற்றுப் பேர்போன இண்டியானா, 2025 சீசனில் தேசியப் பட்டத்தை எடுத்தது. சின்ன இடத்தில் சரியான ஆளோடு இருந்தவர்கள் இப்படி மொத்தமாக மேலே வருவது இந்தத் தொழிலில் வழக்கமான பாதை.

கெர்பி ஸ்மார்ட்டின் பாதையில் உங்கள் மகனுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. ஜார்ஜியாவை 2021, 2022 என்று இரண்டு சீசன் தொடர்ந்து சாம்பியன் ஆக்கியவர். அவர் 2001-ல் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற, எஃப்.சி.எஸ்.ஸுக்கும் கீழ் அடுக்கான டிவிஷன் 2 பல்கலைக்கழகத்தில் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். அடுத்த வருடம் ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜி.ஏ.வாகச் சேர்ந்தார். கோஆர்டினேட்டர் பதவியிலிருந்து அட்டை தூக்கும் பதவிக்கு, தானாக விரும்பி. பிறகு 2004-ல் எல்.எஸ்.யூ. எனப்படும் லூசியானா ஸ்டேட்டில் ஹெட் கோச்சாக இருந்த நிக் சேபனிடம் சேர்ந்தார். சேபன் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் மயாமி டால்ஃபின்ஸ் அணியில் இருந்தபோது அங்கே, அலபாமா வந்தபோது அங்கே. 2008 முதல் 2015 வரை அலபாமாவின் டிஃபென்சிவ் கோஆர்டினேட்டர். பதவிப் பெயரை வைத்து முன்னேற்றத்தை அளக்கிற நம் வழக்கம் இங்கே செல்லாது. 27 வயதில் உங்கள் மகன் "சின்ன வேலைக்கு" போகிறேன் என்று சொன்னால், யாரிடம் என்று மட்டும் கேளுங்கள்.

காலேஜில் ஆடாதவரை மதிப்பார்களா? டேவ் அராண்டா கல்லூரியில் ஆடியதில்லை. ஹைஸ்கூலில் பட்ட காயங்களோடு ஆட்டம் முடிந்துவிட்டது. மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. கலிஃபோர்னியா லூத்தரன் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் மாணவராக இருந்துகொண்டே கோச்சிங்குக்கு உதவினார். டெக்சஸ் டெக்கில் ஜி.ஏ., ஹியூஸ்டனில் லைன்பேக்கர் கோச், அங்கிருந்து திரும்ப லூத்தரன், டெல்டா ஸ்டேட், சதர்ன் யூட்டா, ஹவாய், யூட்டா ஸ்டேட், விஸ்கான்சின் என்று ஊர் ஊராக. 2018-ல் எல்.எஸ்.யூ. அவருக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது, அப்போது அசிஸ்டென்ட்டுகளில் அதுதான் அதிகம். 2019 சீசனில் அந்த அணி தேசிய சாம்பியன். 2020-ல் டெக்சஸிலேயே, பேய்லரில், ஹெட் கோச் ஆனார். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பேய்லர் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

ஆடாதவருக்கு ஒரு கஷ்டம் உண்டு, மறைக்க மாட்டேன். பெரிய பல்கலைக்கழகத்தில் ஆடியவருக்கு அவருடைய பழைய கோச்சே முதல் சிபாரிசு. உங்கள் மகனுக்கு அது கிடையாது. வீடியோ அறையில் அவரைப் பார்த்த மூன்று வருட கோச்சுகள்தான் அவர் முதலீடு. அவர்களில் யார் வேறு ஊருக்குப் போனாலும் தொடர்பை விடக் கூடாது. ஒவ்வொரு ஜனவரியும் அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்கத்தின் மாநாடு நடக்கும். உள்ளே கருத்தரங்கு நடக்கும், நிஜமான வியாபாரம் ஹோட்டல் லாபியில். வேலை போனவர், வேலை தேடுபவர், ஆள் தேடுபவர் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். முதல் வருடமே சொந்தச் செலவிலாவது போகச் சொல்லுங்கள்.

நம் ஆட்களா? தமிழர் என்று கேட்டால் கையைக் காட்ட எனக்கு ஒருவரும் இல்லை. இந்திய வேர் என்றால் சஞ்சய் லால் இருக்கிறார், பல என்.எஃப்.எல். அணிகளில் ரிசீவர் கோச்சாக இருந்தவர். உங்கள் மகனின் பெயரை முதல் நாளிலிருந்து தப்பாகத்தான் உச்சரிப்பார்கள். சின்ன ஊர்களில் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள் என்று பேச வேண்டிய தொழில் இது. அங்கே கொஞ்சம் கூடுதல் உழைப்பு தேவைப்படும். ஆனால் பதினேழு வயதுப் பையனுக்கு இவர் என்னை ஆட வைப்பாரா என்பதைத் தாண்டி வேறு கவலை இருப்பதில்லை.

பணத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். என்.சி.ஏ.ஏ.வின் மூன்று டிவிஷன்களும், சிறு கல்லூரிகளின் தனி அமைப்பான என்.ஏ.ஐ.ஏ.வும் சேர்த்தால் நாட்டில் எழுநூறுக்கு மேல் கல்லூரி அணிகள். அவற்றில் எஃப்.பி.எஸ். 2025 சீசனில் 136. அதிலும் பெரிய நான்கு கான்ஃபரன்ஸ்களில்தான் நீங்கள் பேப்பரில் பார்க்கும் தொகைகள். அங்கே பொசிஷன் கோச்சுக்கே பல லட்சம் டாலர். அந்த அடுக்குக்குக் கீழே இறங்கினால் பள்ளி ஆசிரியர் சம்பளத்துக்கு வந்துவிடும், டிவிஷன் 3-ல் சில இடங்களில் அதற்கும் கீழே. அரசுப் பல்கலைக்கழகங்களின் கோச் சம்பளம் பொது ஆவணம். உங்கள் மகன் போகும் இடத்தில் லைன்பேக்கர் கோச் என்ன வாங்குகிறார் என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். ஜி.ஏ.வுக்குப் பிறகு அவர் முதலில் தொடக்கூடிய தொகை அதுதான், கோஆர்டினேட்டருடையது அல்ல.

வீட்டுக்கு வருவது பற்றியும் சொல்ல வேண்டும். தீபாவளி ஒவ்வொரு வருடமும் சீசன் நடுவில் வரும், மறந்துவிடுங்கள். டிசம்பரில் ஹைஸ்கூல் வீரர்கள் கையெழுத்திடும் நாட்கள். பொங்கலுக்கு வருவார் என்று நினைத்தால், 2026-ல் வீரர்கள் கல்லூரி மாறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் ஜனவரி 2 முதல் 16 வரை என்று வைத்துவிட்டார்கள். அதே மாதம்தான் மாநாடும். வசந்த காலத்தில் பதினைந்து பயிற்சி, ஜூனில் பள்ளி மாணவர்களுக்கான கேம்ப், ஆகஸ்டில் சீசன் தயாரிப்பு. மிச்சம் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சில வாரம். பிற்காலத்தில் கல்யாணம் வைப்பதானாலும் ஆனி முகூர்த்தத்தில்தான் வைக்க முடியும். ஆடி பிறந்தால் நம் வழக்கமும் இடம் கொடுக்காது, அவர்கள் சீசன் தயாரிப்பும் இடம் கொடுக்காது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, போகட்டும் என்றுதான் சொல்கிறேன். இரண்டு வருடம், கட்டணமில்லாத முதுகலைப் பட்டம், 24 வயதில் முடிந்துவிடும். அதற்குள் இது தனக்கான வாழ்க்கையா என்று அவருக்கே தெரிந்துவிடும். பலர் முதல் அக்டோபரிலேயே தெரிந்துகொள்கிறார்கள். ஐ.டி.யில் ஐந்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஜி.ஏ. ஆவது ரொம்பக் கஷ்டம். ஜி.ஏ. முடித்துவிட்டுப் புள்ளியியல் பட்டத்தோடு ஐ.டி.க்குப் போவது அவ்வளவு கஷ்டம் இல்லை.

ஆனால் அந்தப் பட்டம் புள்ளியியலாகவே இருக்க வேண்டும். இந்த ஒன்றில் நீங்கள் பிடிவாதம் பிடிக்கலாம். கோச்சிங் ஆபீஸில், எந்தப் படிப்பு பயிற்சி நேரத்தோடு மோதாதோ அதில் ஜி.ஏ.க்களைத் தள்ளிவிடும் பழக்கம் உண்டு. சுலபமான ஆன்லைன் பட்டம் ஒன்றைக் காட்டி இதில் சேர்ந்துவிடு என்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு இருந்தால் விடுவீர்களா என்று கோஆர்டினேட்டரிடம் உங்கள் மகன் இப்போதே கேட்கட்டும். அப்படியே, லைன்பேக்கர்களின் மீட்டிங்கில் உட்கார விடுவீர்களா அல்லது வீடியோ அறையோடு சரியா, இதற்கு முன் இருந்த ஜி.ஏ.க்கள் இப்போது எங்கே என்றும் கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு நாலைந்து பெயரும் ஊரும் சட்டென்று வந்தால் நல்ல இடம். யோசிக்க ஆரம்பித்தால் அங்கே போக வேண்டாம். ஹெட் கோச்சின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, போன இரண்டு சீசன் எப்படிப் போனது என்று நீங்கள் தேடிப் பாருங்கள், அது அப்பா செய்யக்கூடிய வேலை.

புள்ளியியலை வற்புறுத்துவது ஐ.டி.க்குத் திரும்புவதற்காக மட்டும் இல்லை. இந்தத் தொழிலே மாறிக்கொண்டிருக்கிறது. 2024 கோடையில் விதி மாறியது முதல், அனலிஸ்ட் என்ற பெயரில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் மைதானத்தில் வீரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எஃப்.பி.எஸ்.ஸில் வெளியூர் போய் ஆள் எடுப்பதுதான் இன்னும் ஹெட் கோச்சுக்கும் பத்து அசிஸ்டென்ட்டுகளுக்கும் மட்டும். அதனால் நடுமட்டத்தில் இடங்கள் கூடியிருக்கின்றன. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டும் சேர்த்துச் சுமார் 2.05 கோடி டாலர். எந்த வீரருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. ஸ்டான்ஃபோர்ட் 2024 நவம்பரில் தன் பழைய குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக்கை ஃபுட்பாலுக்கு ஜெனரல் மேனேஜராக வைத்தது. வீடியோவும் கணக்கும் தெரிந்த பையனுக்கு கோச்சிங் ஒத்துவரவில்லை என்றாலும் அதே கட்டிடத்தில் வேறு கதவு இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் கணக்கு ஆசிரியர் தகுதி எடுத்துக்கொண்டு டெக்சஸ் ஹைஸ்கூலுக்குப் போகலாம். யூ.டி. சான் அன்டோனியோவின் ஹெட் கோச் ஜெஃப் டிரெய்லர் கில்மர் ஹைஸ்கூலில் வருடக்கணக்கில் கோச்சாக இருந்துவிட்டு வந்தவர்தான்.

ஆனால் 28, 29 வயதில் மூன்றாவது பல்கலைக்கழகத்தில் இன்னும் உதவித்தொகையில் இருந்தால், அப்போது உட்கார்ந்து பேசுங்கள். முடிவு அவருடையதுதான். ஆனாலும் அந்தப் பேச்சு வரும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

அவர் அம்மாவிடம் நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர் கேள்வி கேட்கவில்லையே. லேப்டாப்பைத் திறந்து இதில் நீ என்ன பார்க்கிறாய் என்று மகனை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

இதைப் படிக்கும் வேறு குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் பிள்ளை எஃப்-1 விசாவில் இருந்தால் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், ஜி.ஏ. வேலை அதில் அடங்காது. பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசாமல் எந்தக் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

உங்கள் மகன் பிறப்பால் குடிமகன், அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது காப்பீடு. ஜி.ஏ.க்களுக்குப் பல்கலைக்கழகம் முழு மருத்துவக் காப்பீடு தருகிறதா, மாணவர் காப்பீட்டை அவரே வாங்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். 26 வயது வரை அவர் உங்கள் திட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் உங்கள் திட்டம் டாலஸ் பகுதி மருத்துவமனைகளை மட்டும் சேர்த்த வகையாக இருந்தால், வேறு மாநிலத்தில் அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் உதவாது. உங்கள் அலுவலகத்தில் வருடாந்திரக் காப்பீட்டுத் தேர்வு எப்போது வருகிறது என்று பார்த்து, வெளிமாநிலத்திலும் செல்லும் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். அவர் ஜூலைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கும்.